எல்ஜி ஜி2 என்று மட்டும் சொன்னால் போதாது

பழைய எல்ஜி போனோ அதற்கு பேட்டரியோ தேடுகிறவர்கள் "ஜி2 இருக்கா?" என்று கேட்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். கேட்க வேண்டியது மாடல் எண்ணை.

2013இல் வந்த ஜி2வையே பாருங்கள். உலகச் சந்தைக்கு டி802, அமெரிக்காவின் வெரைசனுக்கு விஎஸ்980, கொரியாவுக்கு எஃப்320. டி802இன் 3000 எம்ஏஎச் பேட்டரி உள்ளேயே பதிந்தது. எஃப்320இல் பின்மூடியைத் திறந்து 2610 எம்ஏஎச் பேட்டரியைக் கையாலேயே எடுத்துவிடலாம். ஒன்றின் பேட்டரி மற்றதற்குச் சேராது. ஜி3 டி855இலோ எண்ணும் போதாது: சேமிப்பிடம் 16 ஜிபி என்றால் ரேம் 2 ஜிபி, 32 என்றால் 3.

பின்மூடி எழுத்தை நம்பாதீர்கள், மூடியை யாரும் மாற்றலாம். ஜி3, ஜி4இல் பேட்டரியைக் கழற்றி அடியில் உள்ள லேபிளைப் படியுங்கள். *#06# போட்டு வரும் ஐஎம்இஐ (போனின் அடையாள எண்) அதோடு ஒத்துப்போகாவிட்டால் போர்டோ பாடியோ மாறியிருக்கிறது.

அதிகம் ஏமாறுவது ஜி4இல்தான். ஆன் ஆகும், லோகோ வரும், அணையும், மறுபடி லோகோ வரும். இந்த பூட்லூப்புக்கு உதிரிகளுக்கிடையே தளர்ந்த இணைப்பே காரணம் என்று எல்ஜியே 2016 ஜனவரியில் ஒப்புக்கொண்டது. ஹீட் கன்னால் போர்டைச் சூடேற்றினால் கொஞ்ச நாள் ஓடும். அந்த நாட்களில் விற்றுவிடுவார்கள். ஆகவே அரை மணி நேரம் வீடியோ எடுத்துச் சூடாக்கி, மூன்று முறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். சீரியல் எண்ணின் முதல் இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டும் மாதம்: 507 என்றால் 2015 ஜூலை. 5இல் தொடங்கும் ஜி4ஐ நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

தொடர்ந்து 23 காலாண்டு நட்டத்துக்குப் பிறகு 2021 ஏப்ரல் 5இல் எல்ஜி போன் தொழிலை விடுவதாக அறிவித்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஆண்டு டிசம்பர் 31இல் பூட்லோடர் அன்லாக் (வேறு மென்பொருள் ஏற்றப் போனின் பூட்டைத் திறக்கும்) சேவையையும் மூடியது பெரிய தவறு. தயாரிப்பாளர் கைவிட்ட போனுக்கு வேறு ரோம், அதாவது வேறு இயங்குதளம், போடும் வழியையாவது விட்டிருக்க வேண்டும். 2025 ஜூன் 30 முதல் அப்டேட் சர்வரும் இல்லை.

இன்னும் எல்ஜி வைத்திருப்பவர்கள் தங்கள் மாடல் எண்ணுக்கே உரிய கேடிஇசட் ஃபைலை (எல்ஜி போனின் மென்பொருளை மறுபடி ஏற்ற உதவும் ஃபைல்) இப்போதே தேடி எடுத்து, லேபிளின் படத்தோடு ஒரே ஃபோல்டரில் வையுங்கள். எச்811க்கான ஃபைலை எச்815இல் ஏற்றினால் போன் ஆன் ஆகாத செங்கல்தான், இரண்டும் ஜி4 என்றாலும்.