கத்தியிருந்தால் ஓடிப்போயிருப்போமே

"கத்தவே இல்லீங்க, கத்தியிருந்தா ஓடிப்போயிருப்போமே." எங்கள் பக்கம் கிணற்றிலோ ஏரியிலோ ஒரு பிள்ளை போய்விட்டால், துக்க வீட்டில் யாராவது ஒருவர் இதைச் சொல்லித்தான் அழுகிறார். கோடை விடுமுறை விட்டாயிற்று. வேலூர் வெயிலுக்குப் பிள்ளைகள் தண்ணீரைத் தேடிப் போகத்தான் போவார்கள். அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

மூழ்குகிறவரால் கத்த முடியாது. வாய் தண்ணீருக்கு மேலே வருகிற அந்த ஒரு நொடியில் மூச்சை இழுக்கத்தான் உடம்பு பார்க்கும், சத்தம் போட மூச்சு மிஞ்சாது. கையைத் தூக்கி ஆட்டவும் வராது. இரண்டு கையும் தன்னால் பக்கவாட்டில் விரிந்து தண்ணீரைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். மூன்று தடவை மேலே வந்துதான் முழுகுவார்கள் என்பதும் பொய். பல நேரம் ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

நான் இதைப் பார்த்தது அணைக்கட்டுப் பக்கம் பெரியப்பா நிலத்துக் கிணற்றில். படியில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தோம். அண்ணன் மகனுக்கு அப்போது பத்து வயது. தண்ணீரில் நின்ற வாக்கில் இருந்தான். தலை பின்னால் சாய்ந்திருந்தது, ஈர முடி கண்ணை மூடியிருந்தது, அதை ஒதுக்கக்கூட இல்லை. வானத்தைப் பார்த்து விளையாடுகிறான் என்றே நினைத்தோம். பெரியம்மாதான், "டேய், தண்ணி ஜில்லுனு இருக்கா?" என்றார். பதில் இல்லை. மறுபடி கேட்டும் பதில் இல்லை என்றதும் அலறிவிட்டார். அண்ணன் குதித்துத் தூக்கினார். "ஏன்டா கூப்பிடல?" என்று கேட்டேன். "கூப்பிட்டேன் அத்தை, வாய்தான் வரல" என்றான்.

அவனுக்கு நீச்சல் தெரியும், சுரைக்குடுக்கை கட்டிப் பழகியவன். கிணற்று நீச்சலில் நாலு கை போட்டால் சுவர் வந்துவிடும். அதை நம்பிப் பாலாற்றில் இறங்கக் கூடாது. முழங்கால் தண்ணீர் என்று கால் வைத்த இடத்துக்கு அடுத்த அடியே மணல் அள்ளிய பள்ளம் இருக்கும். 2021 நவம்பரில் கரை தொட்டு வெள்ளம் வந்த ஆறுதானே அது.

அதேபோல, நீச்சல் தெரிந்தவர் உடனே குதித்துக் காப்பாற்றிவிடலாம் என்பதும் தப்பு. பயந்தவர் உங்கள் தோளில்தான் ஏறுவார். பத்து வயதுப் பையன் என்பதால் அண்ணன் சமாளித்தார். கரையில் நின்றே கயிறு, வேட்டி, காலி கேன் எதையாவது வீசுங்கள். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் மூன்று பெண்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசித்தான் இரண்டு இளைஞர்களை இழுத்தார்கள். அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது.

எனக்கு நெஞ்சு கொதிக்கிற விஷயம் இன்னொன்று. தூக்கிய பிள்ளையைத் தலைகீழாகச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது. வயிற்றில் இருப்பது வாய்க்கு வந்து மூச்சுக்குழாயில் இறங்கும், நேரமும் போய்விடும். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுங்கள். அப்புறம் நடுநெஞ்சில் 30 அழுத்தம், 2 மூச்சு, மறுபடி 30. நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகம். ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும், நீங்கள் கையை எடுக்காதீர்கள்.

சாப்பிட்டதும் நீந்தினால் செத்துவிடுவார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. 'காவு கேட்கிற கிணறு' என்று பெயர் வைப்பதற்குப் பதில் பாசி பிடித்த படியைத் தேயுங்கள். வயதுக்கு வந்த பெண்ணுக்கு நீச்சல் எதற்கு என்று என்னைப் பதின்மூன்று வயதில் கரையேற்றிவிட்டார்கள். அன்று படியில் உட்கார்ந்திருந்தேனே, குதிக்கத் தைரியம் இல்லாமல். என் மகளை அப்படி விடப்போவதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் குடுக்கை கட்டுகிறோம்.

அந்தக் கிணற்று மேட்டு வேப்பமரத்தில் இப்போது ஒரு மஞ்சள் கேன் நீளக் கயிற்றோடு தொங்குகிறது. மருந்து கலக்கக் கேட்டாலும் பெரியம்மா அதை யாருக்கும் கொடுப்பதில்லை.