பணம் வந்தால் மட்டும் வீடு எழும்பாது
‘வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் ஒதுக்கிவிட்டால் குக்கிராமத்திலும் கான்கிரீட் வீடு வந்துவிடும்’ என்று ஊரக வீடுகளைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. குடிசைக்குப் பதில் கான்கிரீட் வீடு கட்ட அந்தப் பணத்தைத் தரும் தமிழக அரசின் ‘கலைஞரின் கனவு இல்லம்’ நல்ல திட்டம்தான். ஆனால் அடித்தளம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் உத்தரம்), கூரை என்று ஒவ்வொன்றாக முடித்தால்தான் அந்தந்தத் தவணை வரும், அதுவரை கைக்காசு போட வேண்டும். திருநெல்வேலி மாவட்டம் களக்காடு பக்கம் எங்கள் சித்தி வீடு லிண்டல் மட்டத்தோடு நின்றது பணத்தால்கூட இல்லை. கொத்தனார் கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளில் சிமெண்ட் சாக்கைச் சுற்றிக் கட்டிவிட்டு, ஐப்பசி மழை முழுக்கப் பக்கத்திலேயே தார்ப்பாய்க்குள் கிடந்தார்கள். ரோட்டோர ஊருக்கே இந்தப் பாடு என்றால், காரையாறு அணைக்கு அப்பால் காட்டுக்குள் இஞ்சிக்குழியில் இருக்கும் காணிப் பழங்குடி மக்கள் ஒரு மூட்டை சிமெண்டை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள்? அங்கெல்லாம் சுமைகூலியைத் தனியாகவே தர வேண்டும். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு அண்ணாச்சி ‘வெளியூர் ஒப்பந்தக்காரரிடம் மொத்தமாக விட்டுவிடலாம்’ என்கிறார். சரி, அவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன அப்புறம் கூரை ஒழுகினால் யாரைக் கூப்பிடுவது? பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தில், வீடு கட்டும் இடத்திலேயே 45 நாள் கொத்தனார் பயிற்சி கொடுக்க வழி இருக்கிறது. அதை முதலில் இந்த ஊர்களுக்குக் கொண்டுவாருங்கள்; காலமெல்லாம் சித்தாளாகவே கல் சுமக்கும் நம் பெண்கள் கையிலும் கொத்துக்கரண்டியைக் கொடுங்கள்.