பக்கத்து பங்கர்ல இருந்தவைக்கும் அவர்தான் தேவன்

கன நாளா எழுதோணும் எண்டு மனசுக்குள்ள கிடந்த விசயம், நீளமாத்தான் வரும், நேரம் இருக்கிற ஆக்கள் பொறுமையா வாசியுங்கோ. தேவனுடைய அன்பு பெரிசு எண்டதை எங்கட வன்னிச் சபையள்ல நாங்கள் எப்பிடிச் சொல்லுறம் எண்டதைப் பற்றித்தான் இது.

ஆராதனையில சாட்சி சொல்லுற நேரத்தில அடிக்கடி வாற சாட்சி ஒண்டு இருக்கு, 2009 கடைசி யுத்தத்தைப் பற்றினது. மாத்தளன்ல, இரட்டைவாய்க்கால்ல, முள்ளிவாய்க்கால்ல பங்கருக்குள்ள, பதுங்கு குழிக்குள்ள, இருந்தம், ஷெல் வந்து பக்கத்து பங்கர்ல விழுந்திட்டுது, கர்த்தர் எங்களில அன்பு வச்சிருந்தபடியா எங்களுக்கு ஒரு கீறலும் இல்லை, அல்லேலூயா. சொல்லுறவர் பொய் சொல்லேல்ல. உயிர் தப்பினவன் தன்ர தேவனுக்கு நன்றி சொல்லாம வேற ஆருக்குப் போய்ச் சொல்லுறது. ஆனா அதே மண்டபத்தில பின்னுக்கு, பாயில, சுவரோட சாஞ்சு ஒரு அம்மா இருக்கிறா. எல்லாரும் கை தட்டேக்க அவவும் தட்டுறா, ரெண்டு தரம் தட்டிப்போட்டு கையை மடியில வச்சு சீலைத் தலைப்பில நூலை ஒவ்வொண்டா உருவிக்கொண்டு இருக்கிறா. அவவின்ர பிள்ளை போனது அப்பிடி ஒரு பக்கத்து பங்கர்லதான்.

அவவுக்கு நாங்கள் என்ன சொல்லிக்கொண்டு இருக்கிறம்? எங்களில வச்ச அன்பைக் கர்த்தர் உன்ர பிள்ளையில வைக்கேல்ல எண்டோ? அப்பிடி ஒருத்தரும் வாயால சொல்ல மாட்டினம், ஆனா அந்தச் சாட்சியைக் கடைசி வரைக்கும் கொண்டு போனா அங்கதான் போய் நிக்கும். அதோட சில பேர் இன்னும் ஒரு படி மேல போய், விசுவாசம் காணாது, ஜெபம் காணாது எண்டும் சொல்லுவினம். அந்தச் சொல்லைக் கேட்டு அண்டையோட சபைக்கு வாறதை விட்ட தாய்மாரை எனக்குத் தெரியும்.

சங்கீதங்கள்ல தப்புவிச்சதுக்கு நன்றி நிறைய இருக்கு, அதை நான் மறுக்கேல்ல. ஆனா அன்பு எண்டா இதுதான் எண்டு அப்போஸ்தலர்கள் விரல் வச்சுக் காட்டுற இடம் சிலுவை. நாங்கள் பாவிகளா இருக்கேக்கயே கிறிஸ்து எங்களுக்காக மரிச்சார், தேவன் தன்ர அன்பை அதிலதான் விளங்கப்பண்ணினார் எண்டு ரோமர் 5:8. நாங்கள் அவரில அன்பு கூர்ந்ததால இல்லை, அவர் எங்களில அன்பு கூர்ந்து குமாரனை அனுப்பினதாலதான் அன்பு உண்டாச்சு எண்டு யோவான் எழுதுறார். இதில ஷெல்லும் இல்லை, வீட்டுத்திட்டமும் இல்லை, கனடா விசாவும் இல்லை. இன்னொண்டையும் கவனியுங்கோ, ரோமர் 8:32 இல தேவன் தன்ர சொந்தக் குமாரன் எண்டும் பாக்கேல்ல எண்டு இருக்கு. அந்தப் பிள்ளை தப்பேல்ல. கத்திக் கூப்பிட்ட பிள்ளை, ஏன் என்னைக் கைவிட்டீர் எண்டு கேட்ட பிள்ளை. அப்ப அந்தப் பின் பாயில இருக்கிற அம்மாவுக்கு எங்கட தேவனைப் பற்றிச் சொல்ல என்னட்ட முதல் இருக்கிற விசயம் இதுதான், பிள்ளையைச் சாகக் குடுத்த வலி தெரிஞ்ச தகப்பன் அவர், மற்றதெல்லாம் அதுக்குப் பிறகு.

அதே அதிகாரத்தில கொஞ்சம் கீழ பவுல் ஒரு வரிசை போடுறார், உபத்திரவமோ, வியாகுலமோ, துன்பமோ, பசியோ, நிர்வாணமோ, நாசமோசமோ, பட்டயமோ எண்டு. 2009 இல வைகாசி வரைக்கும் அந்த முள்ளிவாய்க்கால் கடற்கரை மணலில இருந்த ஒருத்தருக்கு இந்த வசனத்தை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கஞ்சிக்கு வரிசையில நிண்ட பசி, உடுத்த உடுப்போட வெளிக்கிட்டு மாத்த உடுப்பில்லாம திரிஞ்சது, எல்லாம் அதுக்குள்ள இருக்கு. விசுவாசிக்கு இதொண்டும் வராது எண்டு பவுல் எழுதேல்ல. வெட்டக் கொண்டு போற ஆடுகள் மாதிரி எங்களை எண்ணுறாங்கள் எண்ட சங்கீத வசனத்தை அடுத்த வரியில அவரே எடுத்துப் போடுறார். இவ்வளவும் வந்தாலும் கிறிஸ்துவின்ர அன்பை விட்டு இதால எங்களைப் பிரிக்க ஏலாது எண்டுதான் அவர் அடிச்சுச் சொல்லுறார், மரணத்தையும் சேர்த்துத்தான் சொல்லுறார். அப்ப பக்கத்து பங்கர்ல செத்த பிள்ளையும் அந்த அன்புக்கு வெளியில போகேல்ல.

சரி, இவ்வளவு பெரிய அன்புக்கு நாங்கள் என்ன செய்யுறது எண்டு கேட்டா, கனபேருக்கு உடன வாற பதில் காணிக்கை, உபவாசம், முழு இராச் ஜெபம். நல்லது, செய்யுங்கோ. ஆனா திருப்பிக் கட்டுறம் எண்டு நினைச்சுச் செய்யாதேங்கோ, அது கட்டி முடிக்கிற கடன் இல்லை. மத்தேயு 18 இல இயேசு சொன்ன உவமையில ஒரு வேலைக்காரன் ராசாவுக்குக் குடுக்க வேண்டின கடன் பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து கிட்டத்தட்ட 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் அந்தக் காலத்தில ஒரு நாள் கூலி. கணக்குப் பாத்தா 6 கோடி நாள் கூலி, 1,60,000 வருசத்துக்கு மேல ஒரு நாளும் விடாம வேலை செய்யோணும். ராசா அதை விட்டிட்டார். அவனுக்குக் கூட வேலை செய்த ஒருத்தன் குடுக்க வேண்டினது 100 வெள்ளிப்பணம், அதை அவன் விடேல்ல. அது சின்னக் காசு எண்டு பிரசங்கத்தில சொல்லுவினம், எனக்கு அதில உடன்பாடில்லை. 100 நாள் கூலியை வயலில மம்பட்டி பிடிக்கிற ஒருத்தரிட்டக் கேட்டுப் பாருங்கோ. இயேசு விடச் சொன்னது நோகிற காசை.

எங்கட பக்கம் சின்னப் பெட்டிக்கடை வச்சிருக்கிற ஒரு அம்மா. லோன்காரர் கிழமைக்குக் கிழமை வாசலில வந்து நிண்ட காலத்தில ஒரு குடும்பம் அவவிட்ட மா, சீனி, பருப்பு எண்டு கடனுக்கு எடுத்து எடுத்து கொப்பியில ஒரு பக்கம் நிரம்பி மற்றப் பக்கமும் போட்டுது, பிறகு வெக்கத்தில அந்த வீட்டுப் பிள்ளை கடைப்பக்கம் வாறதில்லை, சுத்துப் பாதையால பள்ளிக்கூடம் போகும். ஒரு நாள் நான் கடையில நிக்கேக்க அம்மா அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, கொப்பியை விரிச்சு, நீலப் பேனையால மூலைக்கு மூலை கோடு கீறி, கொம்மாவிட்டச் சொல்லு, அம்மாச்சி கணக்கு முடிச்சிட்டா, இனி இந்தப் பாதையால போ எண்டு சொன்னா. அவவும் வசதியான ஆள் இல்லை. பிறகு ஏன் அம்மா எண்டு கேட்டன். "என்ர கணக்கை அவர் எழுதி வச்சிருந்தா நான் எங்க தம்பி போறது" எண்டா. ரெண்டு மணித்தியாலப் பிரசங்கம் எனக்கு அவ்வளவு உறைச்சதில்லை.

ஒண்டை மட்டும் தெளிவாச் சொல்லோணும். மன்னிப்புப் பற்றின வசனத்தைத் தூக்கிக்கொண்டு போய் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளைத் தேடுற தாய்மாருக்கு முன்னால நீட்டாதேங்கோ. 2017 மாசி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில போராட்டம் தொடங்கி இருந்த அந்த அம்மாமார் கேக்கிறது உண்மையை. அந்தக் கடனை அவைக்குப் பதிலா நாங்கள் தள்ளுபடி செய்ய ஏலாது, அது எங்கட கொப்பி இல்லை. அவைக்குப் பக்கத்தில போய் இருக்கிறதுதான் எங்கட வேலை.

அப்பிடி இருந்த ஆக்களை நாங்கள் கண்டிருக்கிறம். யாழ் சென் பற்றிக்ஸ் கல்லூரியின்ர முன்னாள் அதிபர் பிரான்சிஸ் ஜோசப் பாதர் கடைசி வரைக்கும் சனத்தோட இருந்தவர், 2009 மே 18 வட்டுவாகல்ல இராணுவத்திட்டச் சரணடைஞ்ச ஆக்களோட போனவர், இண்டு வரைக்கும் தகவல் இல்லை. நான் கத்தோலிக்கன் இல்லை, ஆனா கிறிஸ்துவின்ர அன்புக்கு ஒரு மனுசன் என்ன பதில் குடுக்கலாம் எண்டு என்ர பிள்ளையள் கேட்டா அவரைத்தான் முதல் சொல்லுவன்.

வன்னியில இருக்கிற பாஸ்ரர்மாருக்கும் சபை மூப்பர்மாருக்கும் ஒரு வேண்டுகோள். மே மாசம் அந்த யுத்தத்தில செத்த சனத்தை நினைச்சு சந்தி சந்தியா முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுவினம், கனக்க சபையள் அரசியல் எண்டு சொல்லி ஒதுங்கிப் போயிடுது. அதில செத்தது எங்கட சனம், எங்கட சபைப் பிள்ளையளும்தான். தனியாக் கொட்டில் போடத் தேவையில்லை, பனரும் தேவையில்லை. இளைஞர் கழகப் பெடியள் காய்ச்சுற இடத்துக்கு விறகும் அரிசியும் கொண்டு போய், அகப்பையைப் பிடிச்சு வாற ஆக்களுக்கு ஊத்திக் குடுங்கோ, கதைக்க வாறவையின்ர கதையைக் கேளுங்கோ. மாற்றுக் கருத்து இருக்கிற ஆக்கள் கீழ எழுதுங்கோ, கதைப்பம்.