அக்கா, ஒரு சைன்

14 வருடமாக அறுவை சிகிச்சை அறையில் தாதியாக இருக்கிறேன், மயக்க மருந்துப் பக்கம். காலையில் முதல் வேலையே பூட்டிய அலமாரியைத் திறந்து இரண்டு பேராக ஃபென்டனில், மார்ஃபின் என்ற, போதையாகவும் மாறக்கூடிய வலிநிவாரணி ஆம்பியூல்களை எண்ணிக் கையெழுத்துப் போடுவதுதான். ஒன்று குறைந்தாலும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. சரி, எண்ணிக்கை அத்தனை கண்டிப்பு. அந்த மருந்தை எடுத்துத் தனக்கே போட்டுக்கொள்ளும் ஆளை யார் பார்க்கிறார்கள்?

ஒரு சின்ன ஃபென்டனில் ஆம்பியூலில் 100 மைக்ரோகிராம். நோயாளிக்கு 75 போட்டால் மீதி 25ஐ இன்னொருவர் கண்முன்னே கொட்ட வேண்டும், இருவரும் கையெழுத்திட வேண்டும். ஆனால் அடுத்த கேஸ் வாசலில் காத்திருக்கும், "அக்கா, ஒரு சைன்" என்று ஏட்டை நீட்டுவார்கள், கொட்டியதைப் பார்க்காமலே போட்டுவிடுவோம். நானும் போட்டிருக்கிறேன். பார்த்தாலும்தான் என்ன, சிரிஞ்சில் இருப்பது மருந்தா உப்புநீரா என்று கண்ணுக்குத் தெரியாது.

முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு பெண். யாருக்கு நைட் முடியாவிட்டாலும் "நான் பார்த்துக்கிறேன்" என்பாள். எப்போதும் முழுக்கைச் சட்டை, அறை குளிர்கிறது என்பாள். அவள் இருந்த கேஸ்களில் ஏட்டில் மருந்து நிறைய ஏறியிருக்கும், நோயாளியோ கண் விழிக்கும்போதே வலியில் துடிப்பார். நாங்கள் அவளைச் சுறுசுறுப்பு என்று புகழ்ந்தோம். ஒருநாள் அவள் வேலைக்கு வரவில்லை, அப்புறம் வரவே இல்லை.

"படித்தவளுக்கு எப்படி இந்தப் புத்தி" என்று அன்று பேசியவர்களுக்குச் சொல்கிறேன். அமெரிக்காவில் தாதிகளே மயக்க மருந்து கொடுக்கிறார்கள், இங்கே சிங்கப்பூரில் அது மருத்துவர் வேலை, நாம் பக்கத்தில் நிற்கிறோம். மயக்க மருந்து கொடுக்கும் அந்த அமெரிக்கத் தாதியரின் சங்கத்துக்கே தலைவராக இருந்த ஜான் ஸ்டூவர்ட் 2002இல் இறந்தது ஃபென்டனில் வகையைச் சேர்ந்த சுஃபென்டனில் அளவு மீறியதால். மருந்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது என்ன இருந்திருக்கும்? தெரிந்ததுதான் ஆபத்து, 'எனக்கு அளவு தெரியும்' என்ற நம்பிக்கையில்தான் முதல் ஊசி. முதுகுவலி, தூக்கமில்லாத இரவுகள், மருந்து கைக்கெட்டும் தூரத்தில்.

அங்கே அந்தச் சங்கம் 24 மணி நேர ரகசிய உதவி எண் வைத்திருக்கிறது. இங்கே, தான் பார்க்கும் ஆள் போதைக்கு அடிமை என்று மருத்துவர் ஒருவருக்குச் சந்தேகம் வந்தாலே 7 நாட்களுக்குள் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவுக்குத் தெரிவித்தாக வேண்டும். சட்டம் தளர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வேலை, லைசென்ஸ், குடும்ப மானம் எல்லாம் ஒரே நாளில் போகும் என்று பயப்படுகிறவள் எப்படி வாய் திறப்பாள்? முதல் ஊசிக்கு முன்னால், தூக்கம் வராத அந்தக் கட்டத்திலேயே போய்ப் பேச ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒரு ஆள் வேண்டும், மேலதிகாரி இல்லாத ஒரு ஆள்.

நேற்று ஒரு தங்கச்சி ஏட்டை நீட்டினாள். "என் முன்னால் கொட்டும்மா" என்றேன். முகம் சுருங்கியது. கொட்டினாள், கையெழுத்திட்டேன். பிறகு கேண்டீனுக்குக் கூட்டிப்போய், கடைசியாக எப்போது எட்டு மணி நேரம் தூங்கினாய் என்று கேட்டேன். அவளுக்கு நினைவில்லை.