சிக்னேச்சர் பூச்சியம் என்றால் சிப் போச்சு என்று அர்த்தமில்லை

சுங்கை சிப்புட் தம்பி தண்ணீர்த்தொட்டிக்குச் செய்த போர்டில் நிரல் ஏற்றப் போனால், சிப் தன் வகையைச் சொல்லும் அடையாள எண்ணான சிக்னேச்சர் பூச்சியமாகவே வருகிறதாம். அதற்கு ஓர் அண்ணன் தீர்ப்பே எழுதிவிட்டார்: "சிக்னேச்சர் எல்லாம் பூச்சியம், எஸ்டேட் இடியில் சிப் எரிந்துவிட்டது, ஈப்போ போய்ப் புதுசு வாங்கு." அவசரப்பட வேண்டாம் தம்பி. இடியில் சிப் போவது உண்டுதான். ஆனால் நீங்கள் சொன்னபடி இது இன்னும் ஒருமுறைகூட நிரல் ஏற்றாத ஏடிமெகா328பி என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப்.

புதுசாக வரும்போது அது தனக்குள்ளேயே கடிகாரத் துடிப்பு தரும் உள் ஆசிலேட்டரின் 8 மெகாஹெர்ட்ஸை எட்டால் வகுத்து, 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும். நிரல் ஏற்றும் கருவியான புரோகிராமர் அனுப்பும் கடிகாரத் துடிப்பின் (எஸ்சிகே) வேகம் அதில் கால் பங்குக்குக் கீழே, அதாவது 250 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். யூஎஸ்பிஏஎஸ்பி என்ற புரோகிராமர் வழக்கமாக 375 கிலோஹெர்ட்ஸில் பேசும். சிப் பாவம், என்ன பதில் சொல்லும்? நிரல் ஏற்றும் மென்பொருளான ஏவிஆர்டியூடின் கட்டளையில் 'மைனஸ் பெரிய பி 10' (-B 10) சேர்த்துப் பாருங்கள், வேகம் சுமார் 100 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கும். புரோகிராமர் அதை ஏற்காவிட்டால் அதிலுள்ள ஸ்லோ ஜம்பரைப் போடுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் மீட்டரை எடுங்கள். சிப்பின் 7, 20 இரண்டு மின்சாரக் கால்களிலும் 5 வோல்ட் வருகிறதா? 20ஐ விட்டுவிடுவது கையால் செய்த போர்டில் சகஜம். தரவு போய்வரும் மிசோ, மோசி கம்பிகளும் சீரியல் இணைப்பு போலக் குறுக்கே மாற்றிப் போடுவதல்ல, நேருக்கு நேர்.

சிக்னேச்சர் 1ஈ 95 0எஃப் (1E 95 0F) என்று வந்தால் சிப் உயிரோடுதான் இருக்கிறது.