மாட்டைப் பார்த்துக்கிறது யாரு?

போன மாதம் கானாடுகாத்தானில் ஒரு சாந்திக் கல்யாணம். பந்தி முடிந்து முகப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தோம். தங்கை மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சென்னையில் ஒரு கம்பெனியில் எச்.ஆர். வேலை பார்க்கிறாள். "அம்மான், நீங்க ஷேர் வச்சிருக்கீங்கல்ல? பொம்பளைங்க, பல தரப்பு ஆளுங்கன்னு சேத்துக்கிற டைவர்சிட்டி பாலிசி இருக்கிற கம்பெனிக்கு லாபம் கூடன்னு ஆராய்ச்சியே இருக்கு. உங்க வயசுக்காரங்க மட்டும் ஏன் ஒத்துக்க மாட்டேங்கிறீங்க?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் எதிரே இருந்த பெரியவர் முந்திக்கொண்டார். "தகுதி பாத்து ஆள் எடுத்தாப் போதாதா ஆத்தா?"

இரண்டு பேர் சொன்னதும் பாதிதான் சரி என்று அங்கேயே சொல்லியிருப்பேன். அதற்குள் காபி வந்துவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன். நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவள் சொன்ன ஆராய்ச்சி. மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனம் 2015, 2018, 2020, 2023 என்று நான்கு அறிக்கைகள் வெளியிட்டது. மேல்மட்டத்தில் பெண்களும் பல இனத்தவரும் கூடுதலாக இருக்கும் கம்பெனிகள் லாபத்தில் முந்தி நிற்கின்றன என்பது அவற்றின் சாரம். எச்.ஆர். கூட்டங்களில் ஸ்லைடு போட்டுக் காட்டுவது பெரும்பாலும் இதைத்தான். 2024இல் ஜெரமையா கிரீன், ஜான் ஹேண்ட் என்ற இரண்டு கணக்கியல் பேராசிரியர்கள் அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 என்ற பட்டியலில் உள்ள பெரிய கம்பெனிகளை வைத்து அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். அப்படி ஒரு தொடர்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இன்னொரு கோளாறும் உண்டு. மெக்கின்சி எடுத்த லாபம் முந்தைய வருஷங்களுடையது, ஆட்களின் கணக்கு அதற்குப் பிந்தையது. பேரேடு எழுதிப் பழகியவர்களுக்கு இது உறுத்தும். கையில் காசு புரளும் கம்பெனி நாலு பேரைப் புதிதாகச் சேர்த்திருக்கலாம். காசு வந்ததே அந்த நாலு பேரால்தான் என்று எழுதிக் கொடுத்தால் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?

சரி, நட்டம் என்றாவது சொல்ல முடியுமா? நார்வேயில் 2003இல் சட்டம் போட்டு, 2008க்குள் இயக்குநர் குழுவில் 40 சதவீதம் பெண்கள் வேண்டும் என்றார்கள். அதனால் கம்பெனிகளின் மதிப்பு இறங்கியது என்று 2012இல் ஓர் ஆய்வு வந்தது. பிற்பாடு வேறு சிலர் அதே விஷயத்தை மறுபடி அலசி, அந்த இறக்கம் புள்ளியியல்படி நிற்கவில்லை என்றார்கள். ஆக, நாலைந்து வருஷப் பங்கு விலையை வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. எனக்கென்னவோ கணக்குப் பார்க்கும் கால அளவே தப்பு என்று படுகிறது. அதற்கு நம்ம செட்டிநாட்டுக் கதைக்குத்தான் வரவேண்டும்.

எங்கள் ஐயா பர்மாவில், இரங்கூனில் ஒரு செட்டியார் வட்டிக் கடையில் அடுத்தாளாக, அதாவது மேலாளுக்கு அடுத்த நிலையில் இருந்தவர். தொழில் பழகும் பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி, மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊர் வந்து, திரும்பவும் கப்பலேறியவர். கடையில் மேலாள், அடுத்தாள், பெட்டியடி, சமையல்காரர் என்று எல்லாருமே இந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள். காரணம் நம்பிக்கை. செட்டியார்களின் ஒன்பது கோயிலில் ஏதாவது ஒன்றில் ஒவ்வொருவருக்கும் புள்ளி, அதாவது குடும்பப் பதிவு இருக்கும். பெட்டியில் கை வைத்தவனைப் பிடிக்க இரங்கூன் போலீஸ் வேண்டியதில்லை, ஊரில் அவன் தங்கைக்கு மாப்பிள்ளை கிடைக்காமல் போகும். அந்தக் கண்காணிப்புக்குக் காலணா செலவு கிடையாது. வீட்டுப் பெண்களின் சீதனப் பணம்கூட அதே நம்பிக்கையில்தான் கடைகளில் வட்டிக்குக் கிடந்தது. 1930 வாக்கில் பர்மாவில் செட்டியார் கடைகள் சுமார் 1,650, கடனாக வெளியே நின்ற பணம் சுமார் 75 கோடி ரூபாய் என்பது அந்தக் காலத்து வங்கி விசாரணைக் குழுவின் கணக்கு. ஒரே மாதிரி ஆட்களை வைத்து நடத்தினால் தொழில் உருப்படாது என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒருமுறை வந்து இந்த வீடுகளின் தேக்குத் தூண்களைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் 1930இல் நெல் விலை விழுந்தது. 1,650 கடையும் கிட்டத்தட்ட ஒரே அடமானத்தை வைத்துத்தான் கடன் கொடுத்திருந்தன: கீழ் பர்மாவின் நெல் வயல். ஒருவர் கணக்கில் விழுந்த ஓட்டை எல்லார் கணக்கிலும் விழுந்தது. 1930இல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம், 1938இல் 25 சதவீதம். யாரும் ஆசைப்பட்டு வாங்கிய நிலம் இல்லை, கடன் திரும்பாமல் வந்து சேர்ந்தது. பர்மாக்காரர்களின் கண்ணில் அதற்கு வேறு பெயர். அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். 1948இல் நில தேசியமயச் சட்டமும் வந்தது. எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி நிறைய அந்த நிலப் பத்திரங்கள் இருந்தன. சின்ன வயதில் பர்மிய எழுத்து வட்ட வட்டமாக இருக்கிறதே என்று நாங்கள் அதை வைத்து விளையாடியிருக்கிறோம்.

வேறு மாதிரி ஆட்கள் பெட்டியடியில் இருந்திருந்தால் நெல் விலையை வீழ்த்திய உலகப் பொருளாதார மந்தம் வராமல் போயிருக்குமா என்று கேட்பீர்கள். போயிருக்காது. ஆனால் கடன் வாங்கிய குடியானவனின் வீட்டுப் பேச்சு தெரிந்த ஓர் ஆள் கடைக்குள் இருந்து, "இந்த நிலமெல்லாம் உங்க பேருக்கு வந்தா நாளைக்கு ஊர் சும்மா விடுமா?" என்று 1925இல் கேட்டிருக்கலாம். கேட்க ஆள் இல்லை. இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்தது ஒரே சங்கதி. நம்மில் மாற்றி யோசித்தவர்களும் உண்டு, இல்லாமல் இல்லை. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, இரங்கூன் என்று மூன்று ஊரிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை (ஐ.ஓ.பி.) திறந்தார். அந்நியச் செலாவணி, பொதுமக்கள் டெபாசிட் என்று பங்காளி வட்டத்துக்கு வெளியே போன தொழில் அது.

ஒரே மாதிரி ஆட்கள் தரும் லாபம் வருஷா வருஷம் வரும், ஐந்தொகையில் தெரியும். அதன் செலவு முப்பது வருஷம் கழித்து ஒரே நாளில் வந்து நிற்கும். மெக்கின்சி எடுத்த நாலைந்து வருஷத்திலும் அது தெரியாது, அவர்களை மறுத்த கணக்கிலும் தெரியாது. பங்குதாரனாக நான் பன்முகத்தன்மையைப் பார்ப்பது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். லாபம் கூடும் என்று எனக்கு யாரும் வாக்குத் தரவேண்டாம். எல்லாரும் சேர்ந்து ஒரே தப்பைச் செய்யாமல் இருந்தால் போதும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் தேவகோட்டைப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் கடன் பிரிவில் இருந்தேன். கறவை மாட்டுக் கடன் நிறையக் கொடுத்திருந்தோம், பாதி வாராமல் நின்றது. அதிகாரிகள் எல்லாரும் ஆண்கள், வசூலுக்குப் போனால் டீக்கடையில் புருஷன்மாரைப் பார்த்துப் பேசிவிட்டு வருவோம். புதிதாக ஓர் அம்மா அதிகாரியாக வந்தார். கோப்புகளைப் புரட்டியவர் கேட்ட முதல் கேள்வி: "சார், மாட்டைப் பார்த்துக்கிறது யாரு?" கடன் புருஷன் பேரில், மாடு பெண்டாட்டி கையில். எத்தனை ரூபாய் கடன், என்றைக்குத் தவணை என்று அந்தப் பெண்களுக்கு நாங்கள் சொன்னதே இல்லை. சில வீடுகளில் மாடு வாங்கவே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பிறகு கடனைப் பெண்கள் பேரில் எழுத ஆரம்பித்தோம். வசூல் தேறியது.

முகப்பில் இருந்த பெரியவருக்கு ஒன்று சொல்லவேண்டும். அந்த அம்மா வந்தது பட்டியல் சாதி இட ஒதுக்கீட்டில். அவர் வருமுன் கிளையில் 'தகுதி' பற்றி என்னவெல்லாம் பேசினோம் என்பது எனக்கு நினைவிருக்கிறது. நானும் சேர்ந்துதான் பேசினேன்.

தங்கை மகளுக்கும் ஒன்று. இட ஒதுக்கீடு வங்கியின் வசூல் தேறுவதற்காக வந்தது இல்லை. 1921இல் நீதிக்கட்சி அரசு, அரசு வேலைகளை எல்லா வகுப்பாருக்கும் பகிர்ந்து கொடுக்க வகுப்புவாரி ஆணை போட்டபோது யாரும் லாபம் கூடும் என்று சொல்லிக் கேட்கவில்லை. தங்களுக்கு உரிய பங்கு என்று கேட்டார்கள். நீங்கள் அதையே லாபம் என்று விற்கப் போனீர்கள். அமெரிக்காவில் என்ன ஆயிற்று? 2025 ஜனவரியில் ஆட்சி மாறிய சூட்டோடு டார்கெட் மாதிரி பெரிய கடைக்காரர்கள் பாலிசியைச் சுருட்டி வைத்துவிட்டார்கள். அதே மாதம் காஸ்ட்கோ என்ற இன்னொரு பெரிய கடையில், டைவர்சிட்டி பாலிசியால் என்ன ஆபத்து என்று அறிக்கை கொடுங்கள் எனக் கேட்ட தீர்மானத்தைப் பங்குதாரர்கள் 98 சதவீதத்துக்கு மேல் வாக்களித்துத் தள்ளினார்கள். காற்று திரும்பியதும் யார் எதை எதற்காக வைத்திருந்தார்கள் என்று தெரிந்துவிட்டது.

நம்ம நாட்டில் கொள்கைக்குப் பதில் சட்டம். 2013 கம்பெனிச் சட்டம் பட்டியலிடப்பட்ட எல்லாக் கம்பெனிகளிலும் ஒரு பெண் இயக்குநராவது வேண்டும் என்றது. கெடு நெருங்கியதும் எத்தனையோ கம்பெனிகள் முதலாளியின் மனைவியையும் மகளையும் உட்காரவைத்தன. அதைப் பார்த்துத்தான் பங்குச் சந்தையை மேற்பார்க்கும் செபி, 2019 ஏப்ரலில் சந்தை மதிப்பில் முதல் 500 கம்பெனிகளுக்கும் 2020 ஏப்ரலில் முதல் 1,000 கம்பெனிகளுக்கும் முதலாளி குடும்பத்தோடு தொடர்பில்லாத சுயேச்சைப் பெண் இயக்குநர் வேண்டும் என்றது. மனைவிக்கு இடம் கொடுப்பது சுலபம், தன் பங்கைக் கேட்டு வரும் மகளுக்குக் கொடுப்பதுதான் கஷ்டம். பெரிய தொழில் குழுமம் நடத்தும் பள்ளத்தூர் முருகப்பா குடும்பக் கதை இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். அணுப் பொறியியல் படித்த வள்ளி அருணாசலம், அப்பா காலமான பிறகு, அந்தக் குடும்பத்தின் முதலீட்டுக் கம்பெனியான அம்பாடி இன்வெஸ்ட்மெண்ட்ஸ் இயக்குநர் குழுவில் இடம் கேட்டார். 2020இல் பங்குதாரர்கள் 90 சதவீதத்துக்கு மேல் எதிர்த்து வாக்களித்தார்கள், 2023இல் சமரசம் ஆனது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. 'பங்குதாரர் நலன்' என்று பொதுவாகப் பேசும்போது அந்தப் பங்குதாரர் யார் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

என்னிடம் இருக்கும் ஒரு கம்பெனியின் ஆண்டுக் கூட்டத்துக்கு நேற்று மாலை 5 மணியோடு மின்வாக்கு முடிந்தது. ஒரு சுயேச்சைப் பெண் இயக்குநரை இன்னும் ஐந்து வருஷத்துக்கு மறுநியமனம் செய்யத் தீர்மானம். ஆண்டறிக்கையில் வருகைப் பட்டியலைத் தேடிப் பார்த்தேன். ஆறு கூட்டத்தில் இரண்டுக்குத்தான் வந்திருக்கிறார். ஓ.டி.பி. போட்டு உள்ளே போய் 'எதிர்ப்பு' என்பதை அழுத்தினேன்.

இரவு தங்கை மகள் போனில் பிடித்துக்கொண்டாள். "இவ்வளவு பேசிட்டு, ஒரு பொம்பளைய எதிர்த்து ஓட்டுப் போட்டிருக்கீங்களே அம்மான்!"

அதே பட்டியலில் மறுநியமனத்துக்கு நின்ற ஆண் இயக்குநர் ஒரே ஒரு கூட்டத்துக்குத்தான் வந்திருந்தார். அவருக்கும் எதிர்த்துத்தான் போட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தப் பட்டியல் ஆண்டறிக்கையில் எத்தனையாவது பக்கம் என்று கேட்டாள்.