டிமென்ஷியா பட்டணத்து வியாதி இல்லை

"வயலில் இறங்கி உழைக்கிற டெல்டா சனத்துக்கு டிமென்ஷியா வராது, வந்தாலும் வயசுக் கோளாறு, ஒன்றும் செய்ய முடியாது" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். நினைவையும் யோசிக்கும் திறனையும் குறைக்கும் இந்த மறதி நோயைப் பற்றி நீங்கள் சொன்ன இரண்டுமே தவறு, அண்ணே. 2023-இல் வெளிவந்த தேசிய ஆய்வின்படி 60 தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். படிப்பு கிடைக்காததும் ஒரு காரணம். நாற்று நட்டே முதுகு வளைந்த நம் அப்பாயிகளைப் பள்ளிக்கூடத்துக்கு யார் அனுப்பினார்கள்?

லண்டன் பேராசிரியர் கில் லிவிங்ஸ்டன் தலைமையிலான லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-இல் வெளியிட்ட கணிப்பு: மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சரிசெய்தால் சுமார் 45 சதவீதப் பாதிப்பைத் தடுக்கலாம், அல்லது தள்ளிப்போடலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், காது மந்தம் எல்லாம் அதில் உண்டு.

மன்னார்குடியில் எங்கள் அப்பாயி பேச்சைக் குறைத்தபோது "வயசாயிடுச்சு" என்று விட்டுவிட்டோம். காது கேட்கவில்லை என்பதே 3 வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால், காதைச் சோதிக்கக் கூட்டிப்போங்கள்.